முடிச்சூரில் ஒரு சிகாகோ

மூன்றாவது முறையாக வீட்டுக்குள் புகுந்த வெள்ளம் வடிந்ததும், விற்றுவிட்டுப் போய்விடலாம் என்றார் தனபாலன். கல்லூரியில் வரலாறு கற்பிக்கும் அவர் மனைவி சந்திரவதனா, நனைந்துபோன ஆய்வுக் குறிப்புகளைத் தாள் தாளாகக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அமெரிக்க நகரங்களான செயின்ட் லூயிஸும் சிகாகோவும் வளர்ந்த விதத்தை ஒப்பிடும் ஆறு வருட உழைப்பு அது.

“செயின்ட் லூயிஸ் ஆத்தையும் படகையுமே ரொம்ப நாள் நம்பிக்கிட்டு இருந்து பின்தங்கிடுச்சு. சிகாகோ சேத்துல கிடந்த ஊருங்க. ஜாக்கி வச்சுக் கட்டடத்தையெல்லாம் தூக்கி நிறுத்துனாங்க. தூக்குறப்போ ஓட்டல்ல தங்குனவங்ககூடக் காலி பண்ணலையாம். நாமளும் தூக்குவோம்.”

“புத்தகத்துல படிச்சதையெல்லாம் முடிச்சூர்ல செய்ய முடியுமா?”

மறுநாளே அவள் வீடு தூக்கும் மேஸ்திரி ஒருவரைத் தேடிப் பிடித்து அழைத்துவந்தாள். தனபாலன் கோபித்துக்கொண்டு தாம்பரத்திலிருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

சுவர்களுக்கடியில் இருநூறு ஜாக்கிகள் வரிசையாக அமர்ந்தன. “எல்லாரும் ஒண்ணா, அரைச் சுத்து!” என்று மேஸ்திரி குரல் கொடுக்கும்போதெல்லாம் வீடு மெல்ல முனகியது. சந்திரவதனா கூடத்தில் உட்கார்ந்து, மை கரைந்துபோன பக்கங்களை மறுபடி எழுதினாள்.  எழுந்து வெளியே போகவில்லை.

இருபதாம் நாள் தனபாலன் வந்தார். பழைய படிகளை உடைத்துவிட்டிருந்தார்கள். வாசல் அவர் மார்பளவு உயரத்தில் இருந்தது. வாசலில் வந்து நின்ற மனைவியை அண்ணாந்து பார்த்தார்.

“வதனா, முதல்ல இந்தப் பையைப் புடி,” என்றார். “அப்புறம் கையக் குடு.”