குருமூர்த்தியின் தனி வாழ்க்கை

பானுமதி போன பிறகு குருமூர்த்தி முதல்முறையாகப் பால் காய்ச்சினார். அது பொங்கி வழிந்து அடுப்பையே அணைத்துவிட்டது. புது வாழ்க்கைக்குப் பால் பொங்கினால் நல்லதுதான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

போனவள் திரும்ப மாட்டாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து "போயிட்டு வரேன்" என்று சொல்லாமல் அவள் வாசலைத் தாண்டியது கிடையாது. இந்த முறை அந்த "வரேன்" இல்லை.

சண்டை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அவள் சமையலறையிலிருந்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். இவர் செல்போனில் கிரிக்கெட் பார்த்தபடி உம் கொட்டிக்கொண்டிருந்தார்.

"எத்தினி வாட்டி சொல்றது? நான் இல்லன்னா இந்த வூட்ல ஒரு வேலை நடக்குமா?"

"எல்லாம் நடக்கும். நீ இல்லன்னாலும் நான் பொழச்சிக்குவேன்."

"சரி, நானே போறேன்" என்றவள், இரண்டு பைகளை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கிவிட்டாள்.

வாய் விட்ட பாவத்துக்குப் பிழைத்துக் காட்டியாக வேண்டும். சோறு வடிக்கலாம் என்று டின்னைத் திறந்தால், அடியில் ஒரு கைப்பிடி அரிசிதான் கிடந்தது. போகிறவள் அரிசியைக்கூட விட்டுவைக்கவில்லையே என்று மனம் கசந்தது.

அடுப்படியில் இருந்த பீங்கான் ஜாடிகள் எல்லாம் அவருடைய பட்டறைச் சூளையில் வெந்தவை. எந்த ஜாடி சரியாக வெந்தது, எது வேகவில்லை என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். எதில் உப்பு, எதில் சர்க்கரை என்றுதான் தெரியாது. தித்திப்பாய் வந்த கஞ்சியை ஊறுகாய் தொட்டுக்கொண்டு குடித்தார்.

சட்டையைத் துவைத்தார். சொட்டு நீலம் கொஞ்சம் அதிகமாகிவிட, வெள்ளைச் சட்டை போலீஸ் வேன் நிறத்துக்கு வந்தது.

கண்ணாடியில் பார்த்தால் தாடையெல்லாம் நரைமுடி முள்முள்ளாக நின்றது. கவனிக்க ஆளில்லாத மனுஷன் இப்படித்தான் ஆவான் என்று நினைத்ததும் அழுகையே வந்துவிட்டது. பெண்ணாடத்திலிருக்கும் பானுமதியின் தம்பி விருத்தகிரிக்குப் போன் போட்டார்.

"மச்சான், உங்க அக்கா அங்க வந்தாளா?"

"இல்லியே மாமா. எங்க போச்சு அக்கா?"

"கோச்சிக்கிட்டுப் போயிட்டா. போனையும் இங்கயே போட்டுட்டா. வந்தா நல்லாப் பாத்துக்குங்க. நான் தனியா இருந்து பழகிட்டேன்."

"ஐயோ, எத்தினி நாளாச்சு மாமா?"

"அதை எண்ணி இனிமே என்னா ஆவப் போவுது மச்சான்" என்று பெருமூச்சு விட்டார் குருமூர்த்தி.

அதற்குமேல் விருத்தகிரிக்குப் பொறுக்கவில்லை. பெண்டாட்டி, பெரியப்பா, சித்தப்பா, சம்பந்தி வீட்டார் என்று ஒரு வேன் நிறையச் சொந்தபந்தத்தை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கிவிட்டான். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்துகொள்ள, வாசலில் செருப்பு வைக்க இடமில்லை.

"போலீஸ்ல சொல்லிரலாம்" என்றார் பெரியப்பா.

"மொதல்ல மாமா சாப்பிடட்டும், ஆளே பாதியாயிட்டாரு" என்றாள் விருத்தகிரியின் மனைவி துர்கா.

அந்த ஒரு வார்த்தையில் குருமூர்த்தியின் வைராக்கியம் பொலபொலவென்று உதிர்ந்தது. மச்சானின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எங்க இருந்தாலும் அவளக் கூட்டியாந்துருங்க மச்சான். அவ இல்லாம என்னால ஆவாது."

வாசலில் ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. இரண்டு கையிலும் கனத்த பைகளோடு இறங்கிய பானுமதி, செருப்புக் குவியலைத் தாண்டிக் குதித்து உள்ளே வந்து எல்லாரையும் திகைத்துப் பார்த்தாள்.

"ரேஷன் கடையிலகூட இன்னிக்கு இம்மாங் கூட்டம் இல்லியே."