வடை தின்ற யானை

"என் பேச்சைக் கேட்டு நேத்து ஒரு யானை தேம்பித் தேம்பி அழுதுச்சு. நீ கட்டிக்குடுத்த வடை மொத்தத்தையும் அதுதான் தின்னுச்சு!" என்றார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் தணிகாசலம்.

மனைவி கனகவல்லி அடுப்பை அணைத்தாள். "மறுபடியும் குடிச்சிட்டீங்க. சொன்னபடியே நான் மக வீட்டுக்குக் கிளம்பறேன்."

குடியை விட நினைப்பவர்கள் கூடும் கூட்டத்தை அவர் ஊரெல்லாம் அலசி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓர் அறையில் கண்டுபிடித்திருந்தார். உள்ளே நுழைந்ததும் அந்த அறையே ஆளுக்கொரு உருவத்தைப் போர்த்தி, குரலையும் மாற்றிவிடும். யாருக்கும் யாரையும் அடையாளம் தெரியாது.

"நானே அங்க மயிலாத்தான் உட்கார்ந்திருந்தேன்" என்று விளக்கப்போய் நிலைமை இன்னும் மோசமாயிற்று.

"முழு பாட்டில் உள்ள போனாதான் மாமா தோகை முளைக்கும்!" என்று சிரித்தான் மைத்துனன் வேலாயுதம். சொட்டுகூடத் தொடாதவன் என்று குடும்பமே மெச்சும் பிள்ளை.

"நிஜம்டா மச்சான்! 'வீட்ல என்னை உத்தமன்னு நம்பறாங்களே'ன்னு அது அழுத அழுகையில என் தோகையே நனைஞ்சுபோச்சு."

வேலாயுதத்தின் சிரிப்பு நின்றது. கனகவல்லி பெட்டியைத் தூக்கினாள். அவன் ஓடிப்போய் அதன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டான்.

"பெட்டியைக் கீழ வைக்கா. மாமா குடிக்கல. அந்த யானை நான்தான். வடையில கொஞ்சம் உப்பு கம்மி."