மேஜைமேல் கிட்டார்

“கிட்டார மேஜை மேல வைங்க தம்பி. நீங்க ஜெயிச்சா நான் பேசாம கப்பல் ஏறிடறேன். நான் ஜெயிச்சா அது எனக்கு.”

ஷாதிபூர் பூல் கிளப்பில் பந்துகள் உருளும் சத்தம் நின்றது. கேட்டவர் தேவேந்திரன், தெற்கே இன்னொரு தீவில், ஹட் பேயில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர், காலைக் கப்பலில் வந்து இறங்கியிருந்தார். கேட்டது ராக் கிட்டாரிஸ்ட் லாரன்ஸிடம்.

அன்று டிசம்பர் இருபத்தாறு. சுனாமி வந்து ஐந்து வருஷம். மாலையில் நினைவுக் கச்சேரி.

லாரன்ஸ் ஒவ்வொரு வருஷமும் முதலில் மைக்கைப் பிடித்து, ரிப்பேருக்குக் கொடுத்திருந்த தன் கிட்டாரைக் கடல் கொண்டுபோன கதையைச் சொல்வான். கூட்டம் அழும். பிறகு, அந்தக் கதையைக் கேட்டு மெயின்லேண்டுக்காரர்கள் வாங்கிக் கொடுத்த சிவப்புக் கிட்டாரை எடுத்து வாசிப்பான்.

அந்தச் சிவப்புக் கிட்டாரைத்தான் தேவேந்திரன் கேட்கிறார்.

கணவன் லாரன்ஸைக் கச்சேரிக்குக் கூட்டிப்போக வந்திருந்த ரோசலின் இருவருக்கும் இடையில் வந்து நின்றாள். “ஒமக்கு வெக்கமா இல்லையா? இன்னைக்கு என்ன நாள்னு தெரியுமா? ஊரே மெழுகுவத்தி ஏத்திட்டு நிக்குது, நீரு பந்தயம் கட்ட வந்திருக்கீரு!”

“தெரியும்மா” என்றார் தேவேந்திரன்.

“அரே, ஆள் பேஜார் புடிச்சவன் போல” என்று கிளப் நடத்தும் ஐயாவு சிரித்தான். “கச்சேரி பாக்க வந்தீரா, பூல் ஆட வந்தீரா?”

“நான் ஒரு கச்சேரியும் பாத்தது இல்லீங்க. இவரு பேசினத டிவியில பாத்தேன்.”

சொல்லிக்கொண்டே அவர் கிட்டாரின் தலைப்பக்கம் விரல் வைத்தார். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. ரோசலின் முகத்தைச் சுளித்தாள்.

“இதுல எல்லாத் திருகும் இரும்பு. அந்தப் பழசுல ஒண்ணு மட்டும் படாக் மரத்துல செஞ்சது. மழை நாள்ல ஊதிக்கும். விரல் வலிக்கத் திருகணும்.”

“தொடாதேயும்!” ரோசலின் கிட்டாரை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். “வாங்க போலாம். இந்த ஆள்கூட என்ன பேச்சு?”

லாரன்ஸ் நகரவில்லை. கச்சேரிக்கு முன்னால் நாலு கேம் ஆடினால்தான் விரல் இளகும் என்பது அவன் கட்சி. இடது கை விரல் நுனிகளில் கம்பித் தழும்பு, வலது கையில் எப்போதும் பூல் கோலில் தேய்க்கும் நீலச் சாக்பீஸ் பொடி. இரண்டில் ஒன்றை விடச் சொன்னால் எதை விடுவான் என்று ரோசலின் கேட்டதில்லை. என்ன பதில் வருமோ என்று அவளுக்குப் பயம்.

“ஆடிட்டுப் பேசுவோமா தம்பி, ஆடாமலே பேசுவோமா?” என்றார் தேவேந்திரன்.

லாரன்ஸ் கியூ கோலை எடுத்தான். “ஒரு கேம்தான் ரோசி.”

“சீ!” என்றாள் அவள். “யாரு கூப்புட்டாலும் ஆடிருவீங்களா? அது நன்கொடையா வந்த கிட்டாருங்க!”

அவன் அவளைப் பார்க்கவே இல்லை. கிட்டாரை வாங்கி மேஜை விளிம்பில் சாய்த்து வைத்தான்.

முதல் நாலு பந்துகளை லாரன்ஸ் வரிசையாகப் பாக்கெட்டில் போட்டான். ஐந்தாவது, பாக்கெட் வாயிலேயே நின்ற பந்து, குழந்தைகூடத் தள்ளிவிடும். தவறவிட்டான். மின்விசிறிக்கு நேர் கீழே நின்றும் அவன் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

தேவேந்திரன் அவசரப்படவில்லை. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் மேஜையை ஒருமுறை சுற்றி வந்தார். கடைசியில் ஆட்டத்தை முடிக்கும் கறுப்புப் பந்து மூலைப் பாக்கெட்டில் விழுந்தபோது யாரும் கைதட்டவில்லை. ஐயாவு மட்டும் தரையில் எச்சிலைக் காறித் துப்பிவிட்டு, தன் கடை என்பது நினைவு வந்து காலால் தேய்த்தான்.

ரோசலின் கிட்டாரை எடுத்து தேவேந்திரன் நெஞ்சில் இடிக்கிறாற்போல நீட்டினாள்.

“இந்தாரும். ஒண்ணக் கடல் தின்னுச்சு. இத நீரு தின்னும்.”

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி விலகினார்.

“எனக்கு வேணாம்மா. ஒரு தடவ இங்கேருந்து ஜெயிச்சுக் கொண்டுபோனது போதும்.”

“என்ன ஒரு தடவ?”

“ரெண்டாயிரத்து நாலு தீவாளிக்கு முந்தின நாளு. இதே மேஜ. மக கிட்டார் கேட்டான்னு ஆடினேன். பன்னெண்டு வயசு. இந்தத் தம்பி தோத்து, கிட்டாரக் குடுத்துட்டு, ‘வீட்டுல ரிப்பேருக்குக் கொடுத்திருக்கேன்னு சொல்லிக்கிறேன்’னாரு.”

ரோசலின் கணவனைப் பார்த்தாள். லாரன்ஸ் கியூ நுனியில் நீலச் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஆட்டம் முடிந்துவிட்டது, ஆனாலும் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

“பொய்யா?” அவள் குரல் இறங்கிவிட்டது. “அஞ்சு வருஷமா மேடையில அழுததெல்லாம் பொய்யா? கடல் கொண்டுபோச்சுன்னு சொன்னது?”

“அது பொய் இல்லம்மா. கடல்தான் கொண்டுபோச்சு. என் வீட்டோட.” தேவேந்திரன் செருப்பை மாட்டிக்கொண்டார். “அந்தக் கதைய மட்டும் இனி மேடையில சொல்லாதீங்க தம்பி. கேக்க முடியல.”

“ஒரு கிட்டாருக்காகவா இவ்வளவு தூரம் வந்தீரு?” என்றான் ஐயாவு.

தேவேந்திரன் வாசலில் நின்று திரும்பினார்.

“மேட்டுக்கு ஏறின எம் மக, அத எடுக்கத்தான் திரும்பி வீட்டுக்கு ஓடினா.”