மஞ்சளா, கறுப்பா

அத்தான் தன்னுடைய கற்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

மருந்துக் குப்பி ஒன்றில் மிளகு மிளகாக, கறுப்பாக, ஏழெட்டு. பல வருடங்களுக்கு முன் அவர் பித்தப்பையிலிருந்து எடுத்தவை. உள்ளே அவர் மகள் எல்நுராவுக்கும் அதே ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. வெளியே இவர் குப்பியைக் குலுக்கிக் குலுக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"கறுப்புன்னா ரத்தத்துல கோளாறு," என்றார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த குதிரை வியாபாரியிடம். "சிவப்பணு உடைஞ்சுகிட்டே இருக்கும். அந்தக் கழிவு பித்தத்துல இறங்கி இறுகிக் கல்லாயிடும். அப்பன்கிட்ட இருந்து பிள்ளைக்கு வர்ற சமாச்சாரம். மஞ்சள்னா வெறும் கொழுப்பு. பித்தத்துல கரையாம மிச்சம் நிக்குற கொழுப்பு, மேல மேலப் படிஞ்சு கல்லாகுது. யார் ரத்தத்துக்கும் சம்பந்தமில்ல."

"பழுப்பும் உண்டு," என்றார் வியாபாரி. "என் தம்பிக்கு அதுதான்."

"அது குழாயில கிருமி சேர்ந்தா வர்றது. எங்க குடும்பத்துல அதெல்லாம் கிடையாது."

நேற்று டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பித்தார். நரின் ஊரிலேயே கல்லைப் பற்றி இவரை விட்டால் ஆளில்லை என்கிற தோரணை.

தோரணை எல்லாம் நின்றுகொண்டிருக்கும் வரைதான். அக்காவும் நானும் இருந்த பக்கம் வந்து உட்கார்ந்ததும் குப்பியைத் திறப்பதும் மூடுவதுமாக ஆகிவிட்டார். சின்ன வயதிலிருந்து கண் மஞ்சளாகவே வளர்ந்தவர். மண்ணீரலையும் எடுத்தாயிற்று. எல்நுராவின் ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதை அவர் நம்பவில்லை. கல்லைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

"உல்கான்," என்றார் அக்காவிடம், மெதுவாக. "நீ ஆட்டு வால்கொழுப்பு நிறையப் போட்டுத்தான சமைப்ப?"

தன் சமையலைக் குறை சொன்ன மாமியாரோடு ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசாமல் இருந்தவள் என் அக்கா.

"அள்ளி அள்ளித்தான் போடுவேன்," என்றாள். "பாலாடையும் கிண்ணம் கிண்ணமா குடுத்தேன். நான்தாங்க கெடுத்தேன் அவள. மஞ்சளாத்தான் இருக்கும், பாருங்க."

காலையிலிருந்து இரண்டு முறை என் நாக்கு நுனிவரை ஒன்று வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

கதவு திறந்தது. நர்ஸ் ஒரு கையை மூடி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வந்தாள்.

"பொண்ணு நல்லா இருக்கா. கல்லப் பாக்கணும்னா சும்மாவா?"

புது மருமகளோ புதுக் குழந்தையோ குதிரைக்குட்டியோ, எங்கள் வழக்கப்படி முதல்முறை பார்க்கிறவர், காட்டுகிறவர் கையில் ஏதாவது வைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். கல்லுக்கும் கேட்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அத்தான் தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றி அவளிடம் நீட்டிவிட்டார். தான் போட்ட தொப்பியைக் கிர்கிஸ் ஆண் எவனும் அடுத்தவருக்குக் கொடுக்க மாட்டான். அக்கா அதைப் பிடுங்கி அவர் தலையிலேயே கவிழ்த்தாள். தன் சால்வையை உருவி நர்ஸின் தோளில் போட்டாள்.

நர்ஸ் கையை விரித்தாள்.

வாதுமைக் கொட்டை அளவில் ஒன்றே ஒன்று. பழைய வெண்ணெயின் மஞ்சள்.

அத்தான் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குதிரை வியாபாரியைக் கட்டிப்பிடித்து அழுதார். அழுதுகொண்டே சிரித்தார்.

"வெறும் கொழுப்பு. உல்கான், உன் சமையல் நல்லா இருக்கட்டும்."

அக்கா வெட்கமே இல்லாமல் பூரித்துப்போய் நின்றாள்.

அத்தான் என் பக்கம் திரும்பி, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"என் ரத்தம் அவளுக்குப் போகல, சல்கின். என் பொண்ணு தப்பிச்சிட்டா."

அக்காவின் சிரிப்பு நின்றது. அவளுக்கும் அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும். பயந்துபோய் என் வாயையே பார்த்தாள்.

"ரத்தம் போகலைன்னா என்ன அத்தான்," என்றேன். "உங்க வாய் அப்படியே அவளுக்குப் போயிருக்கே. அத எந்த டாக்டர் எடுப்பாரு?"

அங்கே இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர்தான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார்.

பிள்ளையைக் கொடுத்தவள் பிறகு அதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். பிறந்து நாற்பதாம் நாள், நான் பெற்ற எல்நுராவை என் மடியிலிருந்து தூக்கி அக்காவின் மடியில் வைத்தேன். இந்த மனிதர் இவளைத் தன் பிள்ளையாக நினைப்பாரா என்று அன்று இரவெல்லாம் அழுதேன்.

இவரோ இன்று காலை முழுக்கத் தன் ரத்தம் அவளுக்குப் போயிருக்குமோ என்று நடுங்கிக்கொண்டிருந்தார்.