வரலட்சுமியின் லேகியம்

"அவளுக்குத்தான கொற? சுருட்ட நான் இன்னாத்துக்கு வுடணும்?"

ஜட்காக்காரன் எத்திராஜ் வைத்தியர் செங்கல்வராயனிடம் எகிறினான். பக்கத்தில் அவன் மனைவி வரலட்சுமி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. குறை தன் உடம்பில்தான் என்று அவளே ஊரறியச் சொல்லிக்கொண்டு, புருஷனைக் கெஞ்சிக் கூத்தாடிக் குமணன்சாவடிக்கு இழுத்து வந்திருந்தாள்.

"இந்த லேகியத்துக்குப் பத்தியம் ரெண்டு பேருக்குந்தான்," என்றார் வைத்தியர். "ஊட்டுக்காரன் சுருட்டு குடிச்சா மருந்து வெசமாப் பூடும். அப்பால என்ன வந்து கேக்காத."

எத்திராஜுக்குச் சுருட்டு என்றால் உயிர். குதிரைக்குப் புல் இருக்கிறதோ இல்லையோ, இவன் மடியில் சுருட்டு இருக்கும். அந்த வருஷம் கள்ளுக்கடை மறியல் செய்த கதர்க்காரர்கள் சுருட்டுக்கடைப் பக்கம் வராமல் போனதே அவனுக்குச் சுயராஜ்யம் கிடைத்த மாதிரி.

ஆனால் வேறு வழியில்லை. வருகிற ஆவணியில் அவனுக்கு இன்னொரு பெண்ணைக் கட்டிவைத்துவிட்டு, வரலட்சுமியை நூம்பலில் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடுவதென்று அவன் தாய் அன்னம்மாள் முடிவு கட்டியிருந்தாள். மனைவியை அனுப்ப அவனுக்கு மனசில்லை. விட்டான் சுருட்டை.

முதல் மாசம் வீடு ரெண்டுபட்டது. குழம்பில் உப்பில்லை என்று கத்தினான். எல்லாம் உன்னால்தான் என்று நாளெல்லாம் அவளைக் குத்திக்காட்டினான். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு லேகியத்தை விழுங்கிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

கொஞ்சம் கொஞ்சமாக அவன் இருமல் நின்றது. வண்டியில் மூட்டை ஏற்றினால் மூச்சு வாங்கவில்லை. பெரிய அதிசயம் வேறு இருந்தது. சில வருஷமாகவே பாயில் படுத்ததும் அலுப்பாக இருக்கிறதென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வது அவன் வழக்கம். அது அலுப்பில்லை, உடம்பு ஒத்துழைக்கவில்லை என்பது அவனுக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது சுவர்ப்பக்கம் திரும்ப வேண்டியிருக்கவில்லை. இதுவும் அவள் சாப்பிடும் மருந்தின் மகிமை என்றே நினைத்துக்கொண்டான், அந்த மக்கு.

ஆவணியில் கல்யாணம் நடக்கவில்லை. வரலட்சுமிக்கு மசக்கை.

வளைகாப்பு அன்று காலையில் ஒரு தார் வாழைப்பழத்தை வண்டியில் போட்டுக்கொண்டு வைத்தியரிடம் ஓடினான். செத்த உடம்புக்கு உயிர் கொடுத்தீர்கள், உங்கள் மருந்துதான் அவளைக் குணமாக்கியது என்று காலில் விழப்போனான்.

வைத்தியர் சிரித்துவிட்டார். "மருந்தா? வெறும் இஞ்சியும் வெல்லமும்பா அது. அந்தப் பொண்ணுக்கு ஒரு கொறையும் கெடையாது. உன்ன இட்டுகினு வர்றதுக்கு முன்னாலயே தனியா வந்து அழுதுச்சு. 'அவரு தலைகுனியக் கூடாது, கொற எனக்குன்னே இருக்கட்டும், சுருட்ட மட்டும் வுட வையுங்க'ன்னுச்சு."

ஊர் அவளை மலடி என்று சொன்னபோதெல்லாம், தெரிந்தும் தெரியாதவன் போலப் புகைவிட்டுக்கொண்டு நின்றவன் எத்திராஜ். அதை நினைக்க உடம்பெல்லாம் கூசியது.

கரையான்சாவடியில் தன் வீட்டுக்குள் நுழைந்தால் கூடம் நிறையப் பெண்கள். அன்னம்மாள் பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

"வேற ஒருத்தனா இருந்தா இந்த நோயாளிய எப்பவோ தொரத்தியிருப்பான். எம்புள்ள சுருட்டக்கூட வுட்டுட்டு இவளக் காப்பாத்தினான்."

எத்திராஜின் முகத்தைப் பார்த்ததுமே வரலட்சுமிக்கு விஷயம் விளங்கிவிட்டது. சொல்ல வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

அவன் அத்தனை பெண்களையும் தாண்டி வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

"நோவு எனக்குத்தாம்மா," என்றான். "மருந்து மட்டுந்தான் அவ சாப்ட்டா."