மணி அடித்ததும்

மணி அடித்ததும் பிள்ளைகள் அத்தனை பேரும் மேஜைகளுக்கு அடியில் பதுங்கினார்கள். தம்பியின் வாயை அக்கா பொத்தினாள்.

"மூச்சு விடாதே. ஆபீசர் வந்துட்டாங்க."

"தும்மல் வருதுக்கா..."

"தும்மினே, முதலாளி தோலை உரிச்சிடுவாரு!"

செருப்புச் சத்தம் நெருங்கி வந்து நின்றது. ஒரு பெண் குனிந்து பார்த்தாள். தம்பி முன்பல் விழுந்த வாயால், சொல்லிக் கொடுத்திருந்ததை அப்படியே ஒப்பித்தான்.

"எனக்குப் பதினெட்டு வயசு, மேடம்!"

அவள் சாக்பீஸை மேஜைமேல் வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"அந்தப் பட்டறையை இழுத்து மூடியாச்சு, கண்ணுங்களா. இது பள்ளிக்கூடம். இங்க மணி அடிச்சா ஒளியக் கூடாது, விளையாடப் போகணும்."

ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். தம்பி மட்டும் நகரவில்லை.

"அப்போ ஆபீசர் வந்தா எங்களுக்கு எப்படித் தெரியும், டீச்சர்?"