எட்டு நாளாக ஒரே டவுட்டு

"மேடம், ஒரு டவுட்டு."

தபிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்க்கவே வேண்டாம், கன்னிகாதான். எட்டு நாளாக அதே குரல், அதே இரண்டாவது பெஞ்சு, அதே டவுட்டு.

"கேளுங்க கன்னிகாக்கா."

"இந்த 'அட்' எங்க போடறது, 'இன்' எங்க போடறது மேடம்?"

கர்த்தாவே! பகலெல்லாம் ஸ்கூலில் கத்திவிட்டு, சாயந்திரம் சத்தியவேடு சர்ச் ஹாலில் முப்பது பேருக்கு இலவசமாக ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்க ஒத்துக்கொண்ட தன்னைத்தான் சொல்ல வேண்டும். இன்னும் பத்து நிமிஷத்தில் டெஸ்ட். அதில் தேறுகிறவர்கள் பேர் மட்டும்தான் திங்கட்கிழமை கம்பெனி இன்டர்வியூவுக்குப் போகும். இப்போது போய் 'அட்'டாம்!

"இதான் இடம்னு குறிப்பா சொன்னா 'அட்'. அட் தி கேட். மணி சொன்னாலும் 'அட்'. அட் நைன் ஓ கிளாக். புரிஞ்சுதா, அர்த்தமாயிந்தா?"

"ஆயிந்தி மேடம்," என்று தெலுங்கிலேயே சொன்னது மொத்த ஹாலும். கன்னிகாவைத் தவிர.

"காலையிலன்னா மேடம்?"

"இன் தி மார்னிங்."

"ராத்திரின்னா?"

"அட் நைட்."

"அதென்னா மேடம், காலைக்கு ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணு?"

"அது அப்படித்தான்க்கா! இங்கிலீஷ்காரனத்தான் கேக்கணும்!"

முதல் நாள் யாரோ ஒரு பெண் 'ஐ கேம் அட் பஸ்' என்று சொல்லப்போய், கிளாஸில் சிரித்தது போதாதென்று அதை வீட்டில் கணவன் காலேபிடமும் சொல்லிச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்தாள் தபிதா. அந்தச் சிரிப்பெல்லாம் இந்த எட்டு நாளில் ஓடிப்போய்விட்டது.

கன்னிகா பக்கத்துப் பெண்ணின் நோட்டை ஒருதரம் எட்டிப் பார்த்தாள். அப்புறம் மறுபடியும் கையைத் தூக்கினாள்.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு மேடம். ஒருத்தரப் பாத்து சிரிச்சா, அதுக்கு எது?"

"அதுக்கும் 'அட்'தான். லாஃப் அட். போதுமா? இல்ல, விடிய விடிய இதையே பேசலாமா?"

ஹாலே சிரித்தது. கன்னிகாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். வெட்கம் மானம் எதுவுமே கிடையாதா இந்த அம்மாவுக்கு என்று தபிதாவுக்கு இன்னும் எரிச்சல்.

டெஸ்ட் முடிந்து எல்லோரும் எழுந்து போனார்கள். தபிதா முதலில் கன்னிகாவின் பேப்பரைத்தான் உருவினாள். இது எங்கே தேறப்போகிறது!

ஒன்று சரி. இரண்டு சரி. பத்தும் சரி. சொந்தமாக எழுதச் சொன்ன வாக்கியமும் சரி!

வாசலில் ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டாள். பின்சீட்டில் ஏறவிருந்த பக்கத்துப் பெண்ணை அங்கேயே நிறுத்திவிட்டுக் கன்னிகா மட்டும் உள்ளே வந்தாள்.

"உண்மையச் சொல்லுங்கக்கா. பிட்டு வெச்சிருந்தீங்களா?"

"ஐயே! சத்தியமா இல்ல மேடம்."

"அப்ப எல்லாம் தெரிஞ்சிக்கினேதான் எட்டு நாளா என் உயிரை வாங்கினீங்களா?"

கன்னிகா வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அது எதுவும் என் டவுட்டு இல்ல மேடம். பக்கத்துல உக்காந்துகினு இருக்குமே ரோஜா, அதோடது. நைனா இல்லாத பொண்ணு. இந்த வேல கெடச்சாத்தான் அதுங்க வூட்ல அடுப்பெரியும். முதல் நாள் என்னாவோ சொல்லிச்சி, சிரிச்சிட்டாங்க. அப்பாலேர்ந்து இங்க வாயே தொறக்கல. வரவே மாட்டேன்னு அழுதுச்சி. நான்தான் வா, நீ நோட்ல எழுதிக் காட்டு, நான் கேக்கறேன்னு இட்டுக்கினு வந்தேன். என்னப் பாத்து சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. நான் என்னா கொறைஞ்சா போயிடுவேன்?"

தபிதாவுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் இந்த அம்மாவைப் போய் என்னவெல்லாம் நினைத்தோம்! அந்தக் கோபம் இப்போது வேறு பக்கம் திரும்பியது.

"என் கிளாஸ்ல யாரும் எதையும் கேக்கலாம்னு முதல் நாளே சொன்னேன். மீறி சிரிச்சது யாரு? பேரச் சொல்லுங்க. அவங்க பேர இன்டர்வியூ லிஸ்ட்லயிருந்தே எடுத்துடறேன்!"

கன்னிகா கையிலிருந்த சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வுடுங்க மேடம். வேணும்னு யாரும் செய்யல. நாழியாவுது, பிச்சாட்டூர் ரோட்ல லைட்டு இருக்காது. வர்றேன்."

ஸ்கூட்டி போய்விட்டது. தபிதாவுக்கு மனசு ஆறவில்லை. யாராக இருக்கும்? பின் பெஞ்சில் உட்கார்ந்து எப்போதும் இளித்துக்கொண்டிருக்கிற கிரண்குமாராகத்தான் இருக்கும். நாளைக்கு வரட்டும், கவனித்துக்கொள்கிறேன்!

ரோஜாவின் பேப்பரை எடுத்தாள். பத்துக் கேள்வியும் சரி. பாவம், எவ்வளவு கெட்டிக்காரப் பெண்!

பதினோராவது, 'அட்' போட்டுச் சொந்தமாக ஒரு வாக்கியம். குண்டு குண்டான எழுத்தில், ஒரு பிழைகூட இல்லாமல் எழுதியிருந்தாள் ரோஜா:

"மை டீச்சர் லாஃப்ட் அட் மீ."